நின்று கிடக்கும் கிணறு: நெடும்பணியில் ஊக்கம் பற்றிய விடைகள்

வேடசந்தூர் வட்டாரத்தின் மானாவாரிக் காடுகளில் ஒரு வெட்டுக் கிணறு ஒரே கோடையில் முடிந்துவிடுவது அபூர்வம். நீரோட்டம் பார்த்து, இடம் குறித்து, பூசை போட்டு மண்ணைத் தொட்டால் முதல் சில அடிகள் வேகமாக இறங்கும். செம்மண் தீர்ந்து சுக்கான் வந்ததும் வேகம் குறையும். அதற்கும் கீழே பாறை. துளை போட்டு, வெடி வைத்து, புகை அடங்கும்வரை காத்திருந்து, உடைந்த கல்லைத் தொட்டியில் அள்ளி மேலே ஏற்ற வேண்டும். ஊற்றுக்கண் திறந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இன்னும் ஆழம் போக வேண்டுமென்றால், இரவில் ஊறிய தண்ணீரைக் காலையில் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் ஆட்கள் உள்ளே இறங்க முடியும். எதற்காக வெட்டுகிறார்களோ அதுவே அந்தக் கட்டத்தில் வேலைக்குத் தடையாக நிற்கிறது. கையில் காசு தீர்ந்தால் வேலை நிற்கும். மழை இறங்கினால் நிற்கும். புகையிலையோ வெங்காயமோ கைகொடுத்த ஆண்டில் மறுபடி தொடங்கும். தகப்பன் தொடங்கிய கிணற்றை மகன் ஆழப்படுத்துவதும் இங்கே புதிதல்ல.

அப்படி வேலை தடைப்பட்ட கிணற்றைப் பற்றிக் கேட்டால் ‘நின்னு கெடக்கு’ என்பார்கள். ‘விட்டுட்டோம்’ என்பது வேறு பதில். அதைச் சொல்ல எளிதில் வாய் வராது. யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒருவர் தானே ஏற்றுக்கொண்டு, பத்தாண்டோ அதற்கு மேலோ இழுக்கும் வேலையில் ஊக்கம் எங்கிருந்து வருகிறது, எப்படித் தீராமல் இருக்கிறது? அறநூல்கள், சமய நூல்கள், கடந்த நூற்றாண்டின் உளவியல் என்று இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக விடைகள் வந்தபடி இருக்கின்றன. ‘நின்று கிடக்கிறது’ என்பதற்கும் ‘விட்டுவிட்டோம்’ என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அவற்றில் எந்த விடை விளக்குகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி.

மனத்திண்மை என்னும் விடை

மிகப் பழைய விடை, ஊக்கம் ஆளின் குணம் என்பது. திருக்குறளின் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்ற நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் வள்ளுவரை மன உறுதியின் ஆசிரியராக மட்டும் படிப்பது குறைப்படிப்பு என்று தோன்றுகிறது. அதே பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை முன்னதாகவே வந்துவிடுகிறது. காலமறிதல் தனி அதிகாரமாக இருக்கிறது. வினைத்திட்பத்தை ஓர் அதிகாரத்திலும் வினை செய்யும் வகையை அடுத்த அதிகாரத்திலும் வைத்திருக்கிறார். எதைத் தொடங்குவது, எப்போது தொடங்குவது, எப்படி நடத்துவது, சோர்வு வந்தால் என்ன செய்வது என்பவை அவருக்கு வெவ்வேறு கேள்விகள். பின்னால் வந்த மேடைப் பேச்சும் தன்முன்னேற்ற நூல்களும்தான் அவற்றை ‘விடாமுயற்சி’ என்ற ஒரே மூட்டையாகக் கட்டின.

இந்த விடையின் இன்றைய வடிவம் அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் 2007-இல் தம் சக ஆய்வாளர்களுடன் முன்வைத்த ‘கிரிட்’ என்ற கருத்து: நெடுநாள் இலக்கில் விடாப்பிடியும், ஆர்வம் மாறாமையும் சேர்ந்த ஒரு குணம். பள்ளிகளும் பயிற்சி நிறுவனங்களும் இதை விரைந்து ஏற்றுக்கொண்டன. ஆனால் 2017-இல் மார்க்கஸ் கிரெடேயும் உடன் ஆய்வாளர்களும் 88 மாதிரிகளில் 66,807 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ‘கிரிட்’ என்பது உளவியல் ஏற்கெனவே அறிந்திருந்த கடமையுணர்வு என்ற பண்பிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை எனத் தெரிந்தது. மனவுறுதி எரிபொருள்போலச் செலவாகித் தீரும் என்று ராய் பாமைஸ்டர் 1998-இல் சொன்னதற்கும் இதே கதி நேர்ந்தது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு ஏறக்குறைய காணவில்லை.

இவ்விடையின் ஆழமான குறை வேறு. முடித்தவரைப் பார்த்துவிட்டு ‘உறுதி இருந்தது’ என்கிறோம்; முடிக்காதவரைப் பார்த்து ‘உறுதி இல்லை’ என்கிறோம். முடிவே சான்றாகவும் முடிவே காரணமாகவும் ஆகிவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் முப்பது அடியில் ஊற்று கண்டவரும், நூறு அடியிலும் காணாதவரும் உறுதியில் வேறுபட்டவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கீழே பாறை எப்படி ஓடுகிறது என்பது மனத்தில் இல்லை.

பயனைக் கருதியா, வேலையின் ருசிக்காகவா

இரண்டாவது விடை, ஊக்கத்தை ஆளிடமிருந்து எடுத்து, ஆளுக்கும் வேலைக்கும் உள்ள உறவில் வைக்கிறது. பலனில் பற்று வைக்காமல் செயலைச் செய் என்ற கீதையின் நிலைப்பாடு நம் நாட்டில் இதன் மூத்த வடிவம். எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட சோதனை இதற்கு வேறொரு வழியில் நெருங்கி வந்தது. கட்டைப் புதிர்களை ஆர்வத்தோடு அவிழ்த்துக்கொண்டிருந்த மாணவர்களுக்குக் காசு கொடுத்துப் பழக்கி, பிறகு காசை நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973-இல் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் இதையே கண்டார்கள்: பரிசு உண்டு என்று சொல்லி வரையச் செய்த குழந்தைகள் பிறகு தாமாக வரைவது குறைந்தது. எல்லா வகை வெகுமதியும் இப்படிச் செய்வதில்லை என்ற எதிர்வாதம் 1990-களில் வலுவாக வந்தது. அந்தச் சண்டை முழுமையாக ஓயவில்லை.

நெடும்பணிக்கு இந்த ஆய்வுகளை நேராகப் பொருத்துவதில் தயக்கம் வேண்டும். அவை நிமிடங்களிலும் வாரங்களிலும் அளந்தவை. மேலும் ருசி என்பது வேலை முழுவதிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. உ.வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்ட வேலையை எண்ணிப் பாருங்கள். ஒரு பாடலுக்குப் பல சுவடிகள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஏகார ஓகாரக் குறில் நெடில் பிரிவு தெரியாது. பூச்சி அரித்த இடத்தில் சொல்லே இல்லை. ஒவ்வொரு வேறுபாட்டையும் குறித்துக்கொண்டே போக வேண்டும். தமிழின் மீது அவருக்கிருந்த காதலில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் காதல் ஒவ்வோர் ஏட்டையும் புரட்டும்போது இனித்திருக்கும் என்று நினைப்பது அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதாகும். பற்றற்ற செயல் என்ற விடையும் எல்லாருக்கும் உதவாது. கிணறு வெட்டுகிறவர் தண்ணீரில் பற்று வைக்காமல் எப்படி வெட்டுவார்?

நடுவில் ஏன் தளர்கிறது

‘ஆரம்ப சூரத்தனம்’ என்ற வழக்கு, தொடக்க வேகத்தைத் தமிழர்கள் நெடுநாளாகவே சந்தேகத்தோடு பார்த்து வந்ததைக் காட்டுகிறது. உளவியல் இதை மறுமுனையிலிருந்து அணுகியது. இலக்கை நெருங்க நெருங்க வேகம் கூடும் என்று கிளார்க் ஹல் 1932-இல் சொன்னார். அவர் பார்த்தது ஓடுபாதையில் உணவை நோக்கி ஓடும் எலிகளை. 2011-இல் ஆண்ட்ரியா பொனெஸ்ஸியும் உடன் ஆய்வாளர்களும் இதைத் திருத்தினார்கள். தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு வந்தோம் என்று பார்க்கும்போது ஆரம்பத்தில் உற்சாகம். முடிவுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்போது கடைசியில் உற்சாகம். இரண்டு பக்கமும் தொலைவாகத் தெரியும் நடுவழியில்தான் சரிவு. வேலைகள் நிற்பது பெரும்பாலும் நடுவில் என்ற அனுபவத்துக்கு இது ஒத்துவருகிறது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எலிக்கு உணவு எங்கே இருக்கிறது என்று தெரியும். நெடும்பணி செய்கிறவருக்கு முடிவு எங்கே என்றே தெரியாது. டேனியல் கானமனும் ஏமஸ் டிவெர்ஸ்கியும் 1979-இல் சுட்டிக்காட்டிய திட்டமிடல் பிழை இங்கேதான் முக்கியமாகிறது: நம் வேலை எவ்வளவு நாளில் முடியும் என்று நாமே கணிக்கும்போது பெரும்பாலும் குறைத்தே கணிக்கிறோம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை ஏறக்குறைய 34 நாளில் முடிப்போம் என்ற மாணவர்களுக்குச் சராசரியாக 55 நாள் பிடித்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குப் பத்தாண்டு என்று கணக்குப் போட்டு 1879-இல் ஒப்பந்தமான ஜேம்ஸ் மரே, 1915-இல் இறந்தபோதும் வேலை முடியவில்லை, முடிந்தது 1928-இல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1913-இல் தொடங்கி, ஆறு தொகுதிகளாக 1936-இல் முடிந்தபோது, முதலில் போட்ட மதிப்பீட்டைப்போல நான்கு மடங்கு செலவாகியிருந்தது.

இந்தப் பிழை தீமையா என்பதில் ஒரே கருத்து இல்லை. உண்மையான ஆழம் முதல் நாளே தெரிந்திருந்தால் பல கிணறுகள் தொடங்கப்பட்டே இருக்காது. தவறான கணக்கு தொடங்க வைக்கிறது. அதே கணக்கு நடுவில் மனத்தை உடைக்கிறது. இரண்டில் எது மிகுதி என்று அளந்தவர் யாரையும் எனக்குத் தெரிந்தவரை காட்ட முடியவில்லை.

துண்டுகளும் பழக்கமும்

நடுவழித் தளர்ச்சிக்கு மருந்தாகச் சொல்லப்படுபவற்றில் இரண்டுக்கு ஓரளவு சான்று உண்டு. ஒன்று, வேலையைத் துண்டாக்கி ஒவ்வொன்றையும் முழுதாக முடிப்பது. தெரசா அமாபிலியும் ஸ்டீவன் கிராமரும் 238 பணியாளர்கள் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புப் பதிவுகளை ஆராய்ந்து, வேலை சிறிதளவேனும் முன்னேறிய நாள்களிலேயே மனம் உற்சாகமாக இருந்தது என்று 2011-இல் எழுதினார்கள். முன்னேற்றம் உற்சாகத்தைத் தந்ததா, உற்சாகம் முன்னேற்றத்தைத் தந்ததா என்பதை நாட்குறிப்பால் மட்டும் பிரித்துவிட முடியாது.

சாமிநாதையரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பிறகு எடுத்த சீவக சிந்தாமணி 1887-இல் அச்சானது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, பெருங்கதை 1924, குறுந்தொகை 1937. ‘சங்க இலக்கியம் முழுவதையும் பதிப்பிக்கப் போகிறேன்’ என்று திட்டம் போட்டு அவர் இறங்கவில்லை. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் பெயர் தெரியாத நூல்களின் மேற்கோள்கள் வந்தன; அவற்றைத் தேடப் போய் அடுத்த நூல் அகப்பட்டது. ஒவ்வொரு நூலும் அட்டை போட்டுக் கையில் கிடைத்த முடிவு. அதே நேரம் அடுத்ததன் வாசல். ஐம்பதாண்டு வேலையின் நடுவழி, பல சிறிய வேலைகளின் தொடக்கமும் முடிவுமாக மாறியது. ஜெயமோகன் 2014 தொடக்கத்திலிருந்து 2020 ஜூலை வரை நாள்தோறும் எழுதி 26 நாவல்களாக முடித்த ‘வெண்முரசு’க்கும் இந்த அமைப்பு உண்டு: அன்றைய அத்தியாயம் அன்றைக்கு முடிந்துவிடும், அதைப் படிக்க மறுநாள் ஆள் காத்திருக்கும்.

எல்லா வேலையும் இப்படித் துண்டாவதில்லை. பாதிக் கிணறு பாதிப் பாசனம் தராது.

மற்றொரு மருந்து பழக்கம். லண்டனில் ஃபிலிப்பா லாலி நடத்திய, 2010-இல் வெளிவந்த ஆய்வில் 96 பேர் 12 வாரங்கள் ஏதேனும் ஒரு சிறு செயலைத் தினமும் செய்து பார்த்தார்கள். பழக்கமாக ஊறிப்போக நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று; ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாள் வரை மாறுபடும் என்று அந்த 12 வாரத் தரவுகளிலிருந்து கணித்தார்கள். பலரும் மேற்கோள் காட்டுவது அந்த 66-ஐ. என் கண்ணில் அதைவிட முக்கியமானது, ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்ற அதே ஆய்வின் முடிவு. தண்ணீர் குடிப்பது போன்ற சிறு செயல்களைப் பற்றிய ஆய்வு இது என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும், விட்டு விட்டுச் செய்வதை உடனே தோல்வி என்று எண்ணத் தேவையில்லை என்ற குறிப்பு இதில் இருக்கிறது.

பழக்கத்தை ஆள்தான் உண்டாக்க வேண்டும் என்பதும் இல்லை. வேடசந்தூரில் 1948-இல் தொடங்கப்பட்ட புகையிலை ஆராய்ச்சி நிலையம்போன்ற இடங்களில் ஒரு புதிய ரகத்தை உருவாக்குவது பல தலைமுறைப் பயிர்களின் வேலை. ஒட்டுச் சேர்த்து, விதைத்து, பொறுக்கி, அடுத்த பருவத்தில் மறுபடி விதைக்க வேண்டும். அங்கே ‘இன்று மனம் வரவில்லை’ என்ற பேச்சுக்குப் பெரிய இடமில்லை. நாற்று விடும் காலம் வந்தால் நாற்று விட்டாக வேண்டும். பருவமே ஆளைத் திரும்ப அழைத்துவருகிறது.

பின்னால் நிற்கும் கைகள்

தனி ஆளை மட்டும் பார்க்கும் விடைகள் எல்லாம் விட்டுவிடும் பகுதி இது. ஆபிரகாம் பண்டிதரை எடுத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியராக இருந்தார். இசை கற்றதும் அந்த ஊரில்தான். பிறகு தஞ்சாவூருக்குப் போய், சித்த வைத்தியத்தில் பெரும் பெயர் எடுத்தார். வைத்தியசாலையின் வருமானம் இசை ஆராய்ச்சியைத் தாங்கியது. 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, தம் செலவில் மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவர் கொள்கையை விளக்கியபோது வாசித்துக் காட்டியவர்கள் அவர் வீட்டுப் பெண்கள். ‘கருணாமிர்த சாகரம்’ 1917-இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நூலாக அவருடைய சொந்த அச்சகத்திலேயே வெளிவந்தது. பிழைப்புக்கு ஒரு தொழில், அரங்கேற்ற ஒரு சபை, வாசித்துக் காட்ட வீட்டுப் பெண்கள், அச்சிட ஓர் அச்சகம். இவ்வளவும் சேர்ந்ததைத்தான் நாம் ‘பண்டிதரின் விடாமுயற்சி’ என்கிறோம்.

இவை இல்லாதவர்களின் நிலை கடினம். ஆ. சிங்காரவேலு முதலியார் ‘அபிதான சிந்தாமணி’யை ஏறக்குறைய இருபதாண்டு தனியாகத் தொகுத்தார்; 1910-இல் அதை அச்சில் ஏற்ற பாண்டித்துரைத் தேவரும் மதுரைத் தமிழ்ச் சங்கமும் தேவைப்பட்டார்கள். மகாபாரதத் தமிழாக்கத்தைப் பதிப்பித்த கும்பகோணம் ம.வீ. இராமானுசாசாரியார் கால் நூற்றாண்டுக் காலம் கடனைச் சுமந்துகொண்டே வேலையை நடத்தினார். பீகாரில் தசரத் மாஞ்சி 1960 முதல் 1982 வரை உளியும் சுத்தியலும் கொண்டு மலையை வெட்டிப் பாதை அமைத்ததை மனவலிமையின் சிகரமாகச் சொல்கிறார்கள். அந்த வலிமை உண்மை. ஆனால் வழியில்லாததால் மனைவியை இழந்த ஒருவர் 22 ஆண்டு தனியாக வெட்ட வேண்டியிருந்தது என்பதில் பெருமை மட்டும் காண என்னால் முடியவில்லை.

ஆதரவுதான் எல்லாம் என்பதும் தவறாகப் போகலாம். புரவலரும் நிறுவனமும் இருந்தும் நின்றுபோன வேலைகள் ஏராளம். ஆதரவு எப்போது ஊக்கமாகிறது, எப்போது வெறும் வசதியாக நின்றுவிடுகிறது என்பது இன்னும் தெளிவாக எழுதப்படவில்லை. நெடும்பணி செய்தவர்களின் வீடுகளில் சமையலும் பிள்ளை வளர்ப்பும் கடன்காரருக்குப் பதில் சொல்வதும் யார் தலையில் விழுந்தன என்பதையும் முன்னுரைகளும் வரலாறுகளும் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

நிறுத்த வேண்டிய இடம்

ஊக்கத்தை எப்படிக் காப்பது என்று மட்டும் கேட்பது, ஊக்கம் எப்போதும் நல்லது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985-இல் காட்டியதுபோல, ஏற்கெனவே போட்ட பணத்துக்காகவும் உழைப்புக்காகவும் மேலும் போடுவது மனிதர்களிடம் பரவலாக உள்ள சாய்வு. கிணற்றுக்காரருக்கு இது தெரிந்த விஷயம். இவ்வளவு வெட்டியாயிற்று, இன்னும் பத்தடி. அது பொய்த்தால் பக்கவாட்டில் சைடு போர். அதுவும் பொய்த்தால் அடியிலிருந்து ஆழ்துளை. ஒவ்வொன்றுக்கும் புதுக் கடன். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்கிப்போன இடத்தில், வெட்டுக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தும் ஊக்கத்தைப் போற்றுவதா, தடுப்பதா? எட்ட முடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ள முடிந்தவர்கள் மனநலத்தில் மேலாக இருந்ததைக் கார்ஸ்டன் ராஷும் உடன் ஆய்வாளர்களும் 2003 முதல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. இலக்கு எட்ட முடியாதது என்பதை எப்படி அறிவது என்ற கேள்விக்கு அவற்றிடமும் பொதுவிடை இல்லை.

‘நின்று கிடக்கிறது’ என்ற நிலை இங்கே பயன்படுகிறது. தொடர்கிறேன் என்ற அவசரமும் விட்டுவிட்டேன் என்ற இழப்பும் இல்லாமல், வேலையைத் திரும்ப எடுக்கும் உரிமையோடு கீழே வைக்க அது இடம் தருகிறது. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை வெளியிட்டது 1933-34-இல். ஆசிரியர் மறைந்தது 1876-இல். அந்த ஐம்பத்தேழு ஆண்டுகளில் ஊக்கம் தொடர்ந்து எரிந்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வேலை காத்திருந்தது, அவர் திரும்பி வந்தார்.

தீராத பகுதி

இதுவரை வந்த விடைகளில் குணத்தை மட்டும் காரணமாகச் சொல்வது மிகப் பலவீனமானது என்று கருத இடமிருக்கிறது. வேலையின் வடிவமும், அதைச் சூழ்ந்த பருவமும் பிழைப்பும் மனிதர்களும் அதைவிடக் கூடுதலாக விளக்குகின்றன. ஊக்கம் அறாமல் இருப்பதைவிட, அறுந்த பிறகு திரும்பிவர முடிவதே முடிந்த பணிகளைப் பிரித்துக் காட்டுகிறது என்ற ஊகத்தையும் மேற்கண்ட வாழ்க்கைகள் தாங்குகின்றன. ஆனால் இவை எல்லாமே முடித்தவர்களின் வாழ்க்கைகள். பாதியில் நின்ற அகராதிகளுக்கு முன்னுரை இல்லை. வாரிசுகள் எடைக்குப் போட்ட குறிப்பேடுகளைப் பட்டியலிட்டவர் இல்லை. அவர்களிடமும் இதே பழக்கமும் இதே ஆதரவும் இதே திரும்பி வருதலும் இருந்திருந்தால், மேலே சொன்ன ஊகம் சரிந்துவிடும்.

பணி யாருடையது என்பதும் தீரவில்லை. தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்குத் தேவநேயப் பாவாணர் 1974-இல் இயக்குநரானார், 1981-இல் மறைந்தார், முதல் மடலம் 1985-இல் வந்தது, வேலை நிறைவடைந்தது 2011-இல். ஆபிரகாம் பண்டிதர் 1919-இல் மறைந்தபோது கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் நூல் அச்சேறாமல் இருந்தது. அவர் மகளின் முயற்சியால் அது 1946-இல் வெளிவந்தது. அந்த இருபத்தேழு ஆண்டுகளும் அது நின்று கிடந்த வேலையா, அவரோடு முடிந்து மகளால் புதிதாகத் தொடங்கப்பட்ட வேலையா என்று சொல்ல ஊக்கம் பற்றிய எந்தக் கோட்பாட்டிலும் இன்னும் அளவுகோல் இல்லை.